விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களை ஊர்வாரியாக ஒப்பிடுவது எப்படி

ஏறக்குறைய ஒரே விலையுள்ள மூன்று பாட்டில்கள் உங்கள் முன் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பிரான்சின் பொர்தோ வட்டாரத்தைச் சேர்ந்த பொயாக், இன்னொன்று வடமேற்கு இத்தாலியின் பரோலோ, மூன்றாவது கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் விளைந்த காபர்நே சோவிஞோன். இவற்றில் எது உயர்ந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் அவர் தமக்குப் பிடித்ததைச் சொல்வார். விமர்சகர்களின் புள்ளிப் பட்டியலைப் புரட்டினால் மூன்றுக்கும் 94, 95 என்று பக்கத்துப் பக்கத்து எண்களே இருக்கும். இரண்டுமே உதவாது, ஏனெனில் மூன்று பாட்டில்களும் வெவ்வேறு காரணங்களால் அந்த விலையை எட்டியவை. வெவ்வேறு காரணங்களால் அந்தச் சுவையைப் பெற்றவை. ஆகவே, விலை எதற்காக, சுவை எதனால் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒப்பிட உட்காரும்போது, ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

விலையைப் பிரித்துப் பார்த்தல்

நாபாவிலிருந்து தொடங்குவது எளிது. அங்கே கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. கலிபோர்னிய அரசு ஆண்டுதோறும் திராட்சை விலையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. நாபா காபர்நேயின் சராசரி விலை அண்மை ஆண்டுகளில் டன்னுக்கு 8,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. ஒரு டன் பழத்திலிருந்து சுமார் 700 பாட்டில் ஒயின் கிடைக்கும் என்றால், பாட்டிலுக்குள் இருக்கும் பழத்தின் விலை மட்டும் 11 டாலருக்கு மேல் வருகிறது. புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 1,000 டாலர் அளவில் விற்கிறது. அதில் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில் ஒயின் கொள்ளும். ஆக மரத்துக்கு இன்னும் மூன்று, நான்கு டாலர். டன் விலையை நூறால் வகுத்தால் பாட்டில் விலை வரும் என்று அந்தப் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக ஒரு வாய்க்கணக்கு உண்டு. அதன்படி சராசரி நாபா காபர்நே 80 டாலரில் வந்து நிற்கும். 300 டாலருக்கு ஒரு நாபா பாட்டிலை வாங்குபவர், அந்த 80-க்கு மேல் தாம் கொடுப்பது எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற தோட்டத்துப் பழம் சராசரியைப் போலப் பல மடங்கு விலை பெறும் என்பதால் ஒரு பகுதி அதற்குப் போகும். மீதி, ஆண்டுக்குச் சில நூறு பெட்டிகளே வெளிவருகின்றன என்ற கிடைப்பருமைக்கும் பெயருக்கும் போகும். அப்படிக் கொடுப்பது தவறென்று நான் கருதவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பரோலோவின் விலையில் பெரும்பங்கு காலத்துக்கு உரியது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-ஆம் நாளிலிருந்து குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், ஒயினை வைத்திருந்த பிறகே பரோலோ என்ற பெயரில் விற்க முடியும். ரிசெர்வா என்று எழுத வேண்டுமானால் 62 மாதங்கள். அத்தனை காலமும் விவசாயியின் முதல் முடங்கிக் கிடக்கிறது. அந்த முடக்கத்துக்கான வட்டியையும் நாம்தான் கொடுக்கிறோம். ஆனால் ஸ்பெயினின் ரியோஹாவில் கிரான் ரெசெர்வா என்று பெயர் பெறும் ஒயினும் 60 மாதங்கள் காத்திருக்கிறது, அதில் 24 மாதங்கள் மரத்தில். அப்படியிருந்தும் நல்ல கிரான் ரெசெர்வா ஒன்று நல்ல பரோலோவை விடப் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கிறது. காரணம் நிலப்பரப்பு: ரியோஹாவின் தோட்டங்கள் 65,000 ஹெக்டேர் அளவுக்கு விரிந்தவை, பரோலோவுக்கு உரிய நிலம் 2,000 ஹெக்டேரைச் சற்றே தாண்டும். முதிர்ந்த ஒயினின் சுவைதான் உங்களுக்கு வேண்டுமென்றால், காலத்தை உலகில் மிக மலிவாக விற்கும் ஊர் ரியோஹா என்று துணிந்து சொல்வேன். 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா நிறுவனம் தன் வின்யா தோந்தோனியா ரெசெர்வாவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் தன் நிலவறையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறது. வாங்குபவர் காத்திருக்க வேண்டிய காலத்தை அவர்களே காத்திருந்து தருகிறார்கள்.

பொர்தோவின் கதை வேறு. 1855-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், பொர்தோவின் தரகர்கள் ஒரு தரவரிசையை எழுதினார்கள். அவர்கள் அதற்காக ஒயினைச் சுவைத்துப் பார்க்கவில்லை. நெடுங்காலமாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்கு விற்றது என்ற கணக்கையே ஐந்து படிகளாக அடுக்கினார்கள். லாஃபித், லதூர், மர்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதற்படியில் நின்றன. 1973-இல் மூத்தோன் அங்கே ஏறியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பட்டியலில் வேறு பெரிய மாற்றமே இல்லை. இதில் ஒப்பிடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பட்டம் நிலத்துக்குத் தரப்படவில்லை, தோட்டத்தின் பெயருக்குத் தரப்பட்டது. அண்டை நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் பட்டம் அப்படியே தொடரும். ஐந்தாம் படியில் எழுதப்பட்ட சில தோட்டங்கள் இன்று இரண்டாம் படிக்கு இணையாக ஒயின் செய்கின்றன. பொயாக்கின் லேஞ்ச்-பாஜ் அதற்கு எல்லோரும் அறிந்த சான்று. பொர்தோவுக்குள்ளேயே இருக்கும் பொமெரோல் என்ற பகுதிக்கோ தரவரிசையே கிடையாது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெத்ரூசுக்கு எந்தப் பட்டமும் இல்லை.

பிரான்சின் இன்னொரு வட்டாரமான பர்கண்டியில் இதற்கு நேர்மாறாக, பட்டம் நிலத்துக்கு உரியது. நிலத்துக்கு உரியது என்றால் அது நம்பகமானது என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிரான் குரூ என்ற மிக உயர்ந்த பட்டம் பெற்ற குளோ த வூஜோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ளது. சுற்றுச்சுவருக்குள் இருக்கும் அந்த நிலத்துக்கு ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். பிள்ளைகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்கும் பிரெஞ்சுச் சட்டம் தலைமுறை தலைமுறையாக அதைத் துண்டாடியிருக்கிறது. சரிவின் மேற்பகுதியில் நீர் நன்றாக வடியும். கீழே சாலையோரத்தில் களிமண் கனத்துக் கிடக்கும். இரண்டிலும் விளைந்த ஒயினுக்குச் சீட்டில் ஒரே பெயர்தான். பொர்தோவில் தோட்டத்தின் பெயரைப் பார்த்தால் ஓரளவு போதும். பர்கண்டியில் நிலத்தின் பெயரைவிட, செய்தவரின் பெயரை முதலில் பார்க்க வேண்டும். சிறந்த விவசாயி ஒருவர் கிராமத்தின் பெயரில் மட்டும் விற்கும் எளிய ஒயின், அக்கறையற்ற ஒருவரின் கிரான் குரூவை எளிதாக வெல்லும்.

சுவையைப் பிரித்துப் பார்த்தல்

ஒயின் நூல்கள் டானின் என்று சொல்வது நம் துவர்ப்பேதான். பாக்கை மெல்லும்போது கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கிறதே, பிஞ்சு வாழைக்காயின் சாறு நாவில் பட்டால் நாக்கு காய்கிறதே, அதே உணர்வு. துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணிப் பழகிய நமக்கு இந்த இடத்தில் பெரிய வசதி இருக்கிறது. அறுசுவையில் ஒன்றாக அதை அறிந்தவருக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒயினை விழுங்கிய பின் துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அது மணல் போல உரசுகிறதா, மெல்லிய துணி போலப் படர்கிறதா என்று கவனிக்க வேண்டும். பரோலோவின் நெபியோலோ திராட்சையில் அது ஈறு முழுவதையும் பிடிக்கும். நாபா காபர்நேயில் அளவு குறைவில்லை என்றாலும், பழம் நன்கு கனிந்திருப்பதால் உருண்டு திரண்டு வரும். பர்கண்டியின் பினோ நுவார் திராட்சையில் மிக மென்மையாக இருக்கும்.

அடுத்தது புளிப்பு. விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்பதே அதற்கு அளவு. குளிர்ந்த ஊர்களில் புளிப்பு கூடும், வெப்பமான ஊர்களில் குறையும் என்பது பொதுவிதி. நெபியோலோவும் தஸ்கனியின் சாஞ்சொவேசேயும் எங்கே விளைந்தாலும் புளிப்பை விடாதவை. மூன்றாவது கனம். வெயிலில் திராட்சையில் சேரும் சர்க்கரை மதுசாரமாக மாறுகிறது. அதனால் 15 விழுக்காட்டை எட்டும் ஆஸ்திரேலியாவின் பரோசா ஒயின் ஒன்று தொண்டையில் இறங்கும்போது ஒரு வெதுவெதுப்பைத் தரும், 13 விழுக்காட்டில் நிற்கும் பிரான்சின் ரோன் ஒயின் தராது.

நான்காவதான மரம், திராட்சையின் சுவையென்று பலர் நினைத்து ஏமாறும் இடம். அமெரிக்க ஓக்கில் வைத்த ஒயினில் தேங்காயும் வனிலாவும் மணக்கும். மரபான ரியோஹாவிலும் பரோசாவிலும் அதைத் தெளிவாக உணரலாம். பிரெஞ்சு ஓக் கிராம்பையும் வறுத்த வாசனையையும் தரும். மிளகு மட்டும் மரத்திலிருந்து வருவதில்லை. சிரா திராட்சையில் மணக்கும் மிளகுக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம், நம் சமையலறை மிளகில் இருக்கும் அதே சேர்மம்தான். காபர்நேயில் சில வேளைகளில் குடைமிளகாய் மணப்பதற்கும் இரண்டிலும் பொதுவாக உள்ள பைரசீன் வகைச் சேர்மமே காரணம். பழம் முழுதாகக் கனியாத ஆண்டுகளில் அந்த மணம் தூக்கலாக இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பரோலோ வெளிறிய செங்கல் நிறத்தில் இருந்துகொண்டு ஈறைப் பிடிக்கும். நாவற்பழ நிறத்தில் வரும் அர்ஜென்டினாவின் மால்பெக் மெத்தென்று இறங்கும்.

யாரை யாரோடு அமர்த்துவது

பொயாக்கையும் பரோலோவையும் நேருக்கு நேர் வைத்தால் இரண்டும் வேறு என்பது மட்டுமே தெரியும். ஊரின் தன்மையை அறிய வேண்டுமென்றால் திராட்சை ஒன்றாக இருக்க வேண்டும். காபர்நேயில் இதற்கு மிகச் சிறந்த வாய்ப்பு இருக்கிறது. பொயாக்கின் மூத்தோனை நடத்தும் ரோத்சைல்ட் குடும்பம், கலிபோர்னியாவின் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவியோடு சேர்ந்து நாபாவில் ஓப்பஸ் ஒன் என்ற ஒயினை உருவாக்கியது; அதன் முதல் அறுவடை 1979. பின்னர் சிலியின் கொன்சா இ தோரோ நிறுவனத்தோடு சேர்ந்து சாந்தியாகோவுக்கு அருகில் புவெந்தே ஆல்தோவில் அல்மாவீவாவை உருவாக்கியது. அதன் முதல் அறுவடை 1996. மூன்றின் அடித்தளமும் காபர்நேதான். மூன்றையும் வாங்கும் வசதி எல்லோருக்கும் இராது. அதே மூன்று ஊர்களின் நடுத்தர ஒயின்களை எடுத்துக்கொண்டாலும் பாடம் மாறாது: பொயாக்கில் பிளாக்கரண்ட் பழத்தோடு பென்சில் சீவியது போன்ற ஒரு மணமும் இறுக்கமும், நாபாவில் கனிந்து இனிக்கும் கறுப்புப் பழமும் கனமும், புவெந்தே ஆல்தோ அடங்கிய மைப்போவில் பழத்துக்குப் பின்னால் யூகலிப்டஸ் இலையைக் கசக்கியது போன்ற ஒரு குளிர்ச்சியும்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடியும் உண்டு. 1976 மே 24 அன்று பாரிசில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைத்தேர்வில், சீட்டு மறைத்த பாட்டில்களைப் பிரெஞ்சு நடுவர்களே சுவைத்து, நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-ஐ முதலிடத்திலும் மூத்தோன் 1970-ஐ இரண்டாம் இடத்திலும் வைத்தார்கள். இளமையில் கலிபோர்னிய ஒயின் கவரும், முதுமையில் பொர்தோ வெல்லும் என்று அப்போது ஒரு மறுப்பு எழுந்தது. 2006-இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி திறந்தபோதும் கலிபோர்னியாவே முன்னால் வந்தது; அம்முறை முதலிடம் ரிட்ஜ் நிறுவனத்தின் மான்டே பெல்லோ 1971. இதிலிருந்து நாபா பொர்தோவைவிடச் சிறந்தது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். சீட்டு மறைக்கப்பட்டால் தேர்ந்த நாக்கும் ஊரைப் பிரித்தறியத் திணறும் என்பதும், விலைக்கும் தரத்துக்கும் இடையிலுள்ள கயிறு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது என்பதும்தான் அதில் எனக்குப் பட்டவை.

சிராவில் எர்மிதாஜையும் பரோசாவையும் சேர்த்து அமர்த்துங்கள். ரோன் ஆற்றங்கரையில் கருங்கல் குன்றாக நிற்கும் எர்மிதாஜ் முழுவதும் 140 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் சிராவை ஷிராஸ் என்கிறார்கள். 1950-இல் பொர்தோவுக்குச் சென்று திரும்பிய மாக்ஸ் ஷூபர்ட், நெடுங்காலம் வாழும் ஒயினை ஷிராசிலிருந்தே செய்ய முடியும் என்று நம்பி 1951-இல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் கிரேஞ்சைத் தொடங்கினார். 1957-இல் நிறுவனம் அதை நிறுத்தச் சொன்ன பிறகும் மறைவாகச் செய்துகொண்டே இருந்தார் என்பது ஒயின் உலகில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் செய்தி. அந்த ஒயினின் சீட்டில் 1980-களின் இறுதிவரை எர்மிதாஜ் என்ற சொல்லும் இருந்தது. ஒப்பீட்டை அவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள். குவளையில் பார்த்தால், எர்மிதாஜில் மிளகும் புகையும் முன்னால் நிற்கும், பரோசாவில் பழமும் சாக்லேட்டும் முன்னால் நிற்கும். பரோசாவுக்கு வேறு எவராலும் தர முடியாத செல்வம் ஒன்று உண்டு: ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவை எட்டவே இல்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் இன்றும் தம் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. 125 வயதைக் கடந்த கொடிகளுக்கு அங்கே மூதாதைக் கொடி என்றே பெயர். அத்தகைய கொடியின் பழத்துக்கு விலை கூடுதலாகக் கேட்டால் அதை நான் நியாயமென்றே சொல்வேன்.

பினோ நுவாரும் நெபியோலோவும் வேறு வேறு திராட்சைகளாக இருந்தாலும் சேர்த்து வைக்கத் தக்கவை. இரண்டும் வெளிறிய நிறமும் ரோஜா மணமும் உள்ளவை; இரண்டுக்கும் ஒவ்வொரு சரிவும் வெவ்வேறு குரல் தரும். வேறுபாடு முழுவதும் துவர்ப்பில்தான் என்பதை ஒரே வாயில் அறியலாம். பரோலோவுக்குள்ளேயே கூட லா மோரா கிராமத்து ஒயின் மென்மையாகவும் செர்ரலுங்கா கிராமத்து ஒயின் இறுக்கமாகவும் இருக்கும். மண்ணின் வயதும் கடினமும் அங்கே மாறுகின்றன.

பெயருக்குப் பக்கத்து வீடு

மதிப்பைத் தேடுபவருக்கு நான் சொல்லும் வழி, புகழ்பெற்ற பெயருக்கு ஒரு வேலி தள்ளி வாங்குவது. எர்மிதாஜ் குன்றைச் சுற்றி விரிந்த குரோஸ்-எர்மிதாஜ் 1,500 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. திராட்சை அதே சிரா, விலை அதில் சிறு பகுதி. பொமெரோலுக்கு அண்டையில் லாலாந்த்-த-பொமெரோலும் ஃபிரோன்சாக்கும் உண்டு. பர்கண்டியின் நடுப்பகுதியான கோத்-தோரின் புகழ்பெற்ற கிராமங்களை விட்டு வடக்கே மார்சனேக்கும் தெற்கே மெர்க்கூரே, ஜிவ்ரி ஆகிய ஊர்களுக்கும் போனால், நல்ல விவசாயியின் பினோ நுவார் தாங்கக்கூடிய விலையில் கிடைக்கும். தஸ்கனியின் புகழ்பெற்ற புரூனெல்லோ த மொந்தால்சீனோ, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வர முடியும். அதே தோட்டத்து சாஞ்சொவேசேயிலிருந்து செய்த ரோசோ த மொந்தால்சீனோ அடுத்த ஆண்டே வந்துவிடும்.

பரோலோ விளையும் பீட்மாண்டில் இந்த வழி மிக நன்றாகப் பலிக்கிறது. பரோலோ செய்யும் பலர் இளங்கொடிகளின் பழத்தை லாங்கே நெபியோலோ என்ற எளிய பெயரில் விற்கிறார்கள். பரோலோவுக்கு அண்டையில், அதே நெபியோலோவிலிருந்து வரும் பார்பரெஸ்கோவுக்குக் காத்திருப்பு 26 மாதங்கள்தான். அங்கே 1958-இல் ஊர்ப் பங்குத்தந்தை ஒருவர் 19 சிறு விவசாயிகளை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ கூட்டுறவு, இன்று ஒன்பது தனித்தோட்ட ரிசெர்வாக்களை, தனியார் கேட்கும் விலையை விடக் குறைவாகத் தருகிறது. ஒரே கை, ஒரே திராட்சை, ஒரே ஆண்டு, வேறு வேறு நிலம். ஒப்பிட்டுக் கற்க விரும்புபவருக்கு இதைவிட நேர்மையான பாடநூல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. பொர்தோவின் பெருந்தோட்டங்கள் தம் முதல் ஒயினுக்கு எடுக்காததிலிருந்து செய்து வெளியிடும் இரண்டாம் ஒயின்களை மலிவு வழி என்று பலர் எண்ணுவார்கள். லாஃபித்தின் கருவாத் போன்றவற்றில் பெயரே விலையை உயர்த்திவிட்டது. அந்தப் பணத்துக்குக் குறைந்த புகழுள்ள தோட்டம் ஒன்றின் முதல் ஒயினை வாங்குவது மேல்.

ஆண்டும் வயதும்

பொர்தோவுக்கு 2010, 2016 ஆகியவை மிகச் சிறந்த ஆண்டுகள். 2013 குளிரிலும் மழையிலும் கெட்ட ஆண்டு. புகழ்பெற்ற பெயர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று நானும் ஒருமுறை 2013 பாட்டில் ஒன்றை வாங்கினேன். பச்சை மிளகாய்க் காம்பைக் கடித்தது போன்ற ஒரு மணமும், நடுவில் வெறுமையும் இருந்தன. அதன் விலையில் அண்டைத் தோட்டத்தின் 2016 இரண்டு பாட்டில் வந்திருக்கும். நாபாவில் கோடை வறண்டது, ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு குறைவு. ஆனால் 2020-இல் காட்டுத்தீயின் புகை படிந்ததால் பல நிறுவனங்கள் அவ்வாண்டு சிவப்பு ஒயினே வெளியிடவில்லை. ஆண்டைப் பார்க்காமல் ஊரை ஒப்பிட்டால், ஓர் ஊரின் நல்ல நாளையும் இன்னோர் ஊரின் கெட்ட நாளையும் ஒப்பிட்டதாகிவிடும்.

வயதும் அப்படியே. மூன்றாண்டுப் பொயாக்கை, கடைக்கு வரும்போதே முதிர்ந்திருக்கும் ரியோஹாவோடு வைப்பது அநீதி. பொயாக்கையும் பரோலோவையும் பத்து வயதையொட்டித் திறப்பதும், நாபாவை ஆறேழு வயதில் திறப்பதும், கிரான் ரெசெர்வாவை வாங்கிய உடனே திறப்பதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் அவற்றைச் சந்திக்க வைக்கும்.

இந்தியாவில் வாங்குபவர் வரியையும் கழித்துப் பார்க்க வேண்டும். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக இருந்த அடிப்படைச் சுங்கவரி 150 விழுக்காடு. 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தின்படி, 15 டாலருக்கு மேற்பட்ட அந்நாட்டு பாட்டில்களுக்கு அது 75 ஆகக் குறைந்தது. படிப்படியாக மேலும் இறங்கும். எனவே நம் கடையில் பரோசா மலிவாகவும் ரோன் விலையேறியும் தெரிந்தால், அதில் ஒரு பகுதி அரசின் கணக்கு. ஊர்களின் உண்மையான விலை உறவை அறிய, விளைந்த நாட்டில் விற்கும் விலையை இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

வெப்பமும் நம் ஊரின் சிக்கல்தான். சென்னையில் ஒருமுறை விலையுயர்ந்த ரோன் ஒயின் ஒன்றை வாங்கி வந்து உறையை உரித்தபோது, தக்கை பாட்டிலின் வாயை விட்டு ஓர் அரிசியளவு மேலெழுந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து கழுத்துவரை பிசுபிசுப்பான கருஞ்சிவப்புக் கோடு ஒன்று காய்ந்திருந்தது. வெயிலில் நின்ற பெட்டிக்குள் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியதன் தடயம் அது. குவளையில் கொதிக்கவைத்த பழச்சாற்றின் மணம்தான் வந்தது. அத்தகைய பாட்டிலை வைத்து எந்த ஊரையும் மதிப்பிடக் கூடாது. வாங்கும் இடத்திலேயே கழுத்தைத் தடவிப் பாருங்கள். தக்கை மட்டமாக இருக்கிறதா, ஒயினின் மட்டம் தோளுக்கு இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மேசையில்

ஆறு பேர், மூன்று பாட்டில் என்பது நல்ல அளவு. ஒருவருக்கு 50 மில்லி வீதம் ஊற்றினால் ஒரு பாட்டிலில் 15 முறை ஊற்றலாம். ஆறு பேரும் ஒவ்வொன்றையும் இருமுறை சுவைத்த பின்னும் மிச்சமிருக்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளுக்கு உரியது; 32 பாகையில் எல்லா ஒயினும் சாராய நெடியைத்தான் முதலில் காட்டும். குளிர்பெட்டியில் வைத்து, 16 முதல் 18 பாகைக்குள் கொண்டுவாருங்கள். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண்ணிடுங்கள்; சுற்றுபவர் ஊற்ற வேண்டாம். குவளைகள் ஒரே வடிவில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் துவர்ப்பு, புளிப்பு, கனம், மரம் என்ற நான்கையும் எழுதி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுபவரின் சொல்லே எல்லோர் நாவிலும் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு உணவு. அதில் மிளகாய் மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஏனெனில் காரம் மதுசாரத்தின் எரிச்சலையும் துவர்ப்பையும் பெரிதாக்கும். மிளகும் நெய்யும் சேர்ந்த ஆட்டிறைச்சி பொருத்தமானது.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு மாலையில் நாபா, ரியோஹா, பரோலோ மூன்றையும் ஒரே விலையில் அமர்த்தினோம். முதல் சுற்றில் ஆறு பேரில் ஐந்து பேர் நாபாவுக்கு வாக்களித்தார்கள். பரோலோவை ஒரு நண்பர் தள்ளியே வைத்துவிட்டார். பாக்கு ஊறிய தண்ணீர் போல இருக்கிறது என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து, எலும்போடு வெந்த இறைச்சி மேசைக்கு வந்தபோது, அதே நண்பர் அந்தக் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார், இறைச்சியைத் தின்றார், மறுபடி குடித்தார். கொழுப்பு துவர்ப்பை உறிஞ்சிக்கொண்டு ரோஜா மணத்தை விடுவித்திருந்தது. இரவு முடிவில் முதலில் காலியானது பரோலோ பாட்டில். நாபாவில் கால்பங்கு மிஞ்சியது. முதல் வாயில் வெல்லும் ஒயின், உணவோடு மூன்று மணி நேரம் உடன் வரும் ஒயின் என்ற இரண்டு வகை மதிப்பையும் குறிப்பில் தனித்தனிப் பத்தியாக எழுதும் பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது. பரோலோவை இனி இரண்டு மணி நேரம் முன்னதாகவே திறந்து அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்க வேண்டும் என்பதையும் அன்று எழுதிக்கொண்டேன்.

விலையைக் கடைசியில் கேளுங்கள். எண்ணிட்ட மூன்றுக்கும் ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று தாளில் எழுதிய பின்னரே செய்தித்தாளை உரிக்க வேண்டும். எழுதிய தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் நாவுக்கு அந்த ஊரின் மதிப்பு; இன்னொருவரின் புள்ளி அதற்கு ஈடாகாது.

மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். தக்கையை இறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மறுபடி சுவையுங்கள். மரத்தின் வனிலா முதலில் சலித்துப்போகும். பழமும் புளிப்பும் இருக்கிற ஒயின் முதல் நாளைவிடத் தெளிவாக நிற்கும். அந்த இரண்டாம் நாள் வரியையும் அதே தாளில், அதே எண்ணுக்கு நேராக எழுதி வையுங்கள். அடுத்த முறை பெட்டியாக வாங்கப் போகும்போது நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த வரியைத்தான்.